தெளிந்த நீரும் தேர்ந்த நீரும்

(உச்சிப்புளியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் படிக்க வைத்த பிள்ளைகளின் கணக்கு ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. அதனை ஒருமுறை ஒப்பித்துவிட்டு அமர்வதில் பயனில்லை என்று கருதி, குடிதண்ணீரைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். யாம் பட்டம் பெற்றது வரலாற்றில், வேதியியலில் அன்று. எம் பள்ளி அறிவியல் ஆசிரியை பொறுமையோடு கற்பித்ததையும், நூல்களிற் படித்தறிந்ததையும், கண்ணாற் கண்டதையுமே இங்குச் சொல்லப் புகுகிறோம். பிழையிருப்பின் அஃது எம்முடையது, ஆசிரியையினுடையது அன்று.

எம் வயதையொத்தோர் இந்த அவையில் பலர் உள்ளீர்கள். நம் பிள்ளைப் பருவத்தில் நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுத்த முறை உங்களுக்கு நினைவிருக்கும். ஊர்க்கிணற்றின் சுவரிலிருந்து சில எட்டுகள் தள்ளிப் பானையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இறைக்க வருவோர் எவரேனும் மனமிரங்கினால், தம் வாளி நம் பானையைத் தொட்டுவிடாதபடி உயரத் தூக்கி ஊற்றுவார்கள். பானை நிறையுமுன் அவர் போய்விட்டால் அடுத்தவர் வரும் வரை காத்திருக்க வேண்டும். எம் தாயார் அவ்வாறு காத்து நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பே படித்து முடித்திருக்கலாம். கோடையில் அதுவும் வாய்க்காதபோது கடற்கரை மணலிற் பள்ளம் பறித்து, சுரக்கும் ஊற்றைச் சிரட்டையால் மொண்டு மொண்டு பானையை நிரப்பினார்கள்.

அந்நாளில் நீர் நல்லதா தீயதா என்பதை முடிவு செய்தது எது? அதனைத் தொட்ட கை எது என்பதே. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் அனைவருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசனார் தீர்மானம் கொண்டுவர நேர்ந்தது அதனாலேயே. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாராட்டிரத்து மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். பிறகு அங்குள்ளோர் செய்ததென்ன? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடங்களில் அக்குளத்தில் ஊற்றித் தூய்மை செய்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இன்று எட்டாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும், அந்த 108 குடங்களுக்கு முன்பு அக்குளத்து நீர் தூயதா, பின்பு தூயதா என்று சொல்லிவிடுவான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். உச்சிப்புளிக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இரு கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பு இது. ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கித் தங்குவதுதான் நமக்குள்ள நன்னீர். கடல்நீர் கனமுடையது, மழைநீர் அதனினும் இலேசானது. ஆதலால் நிலத்தடியில் உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலந்து நாட்டவரான கைபென் என்பாரும், பிறகு செர்மனியில் எர்ஸ்பெர்க் என்பாரும் கணக்கிட்டுச் சொன்னார்கள். இக்கணக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. மேலே ஓரடி நீரை மிகுதியாக இறைத்துவிட்டால், கீழேயிருந்து நாற்பதடி உப்புநீர் ஏறிவரும். நம் பாட்டிமார் ஆழத் தோண்டாமல் மணலை மேலாகப் பறித்துச் சிரட்டையால் மொண்டது எத்துணை நுட்பமான செயல் என்பது இப்போது விளங்கும்.

1980களின் தொடக்கத்தில் நம் குடியிருப்புக்கென்று நாமே ஒரு கிணறு வெட்டினோம். அரசுப் பணம் ஒரு காசும் இல்லை. ஆண்கள் மணலை வாரினார்கள்; பெண்கள் சுமந்தார்கள்; பனை ஏறிக் கிடைத்த கூலியில் மிச்சம் பிடித்துச் சிமெண்டு உறைகள் வாங்கி இறக்கினோம். நீர் சுரந்த அன்று ஒவ்வொரு வீட்டாரும் தம் கையால் வாளியை விட்டு இறைத்தார்கள். குடித்த நீர் கற்கண்டாய் இனித்தது. இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் சிலரின் உள்ளங்கைத் தழும்பு அக்கிணறு தந்தது. அதன் கரையிலே படித்துத்தான் எம் போன்றோர் ஆசிரியரானோம் என்று சொன்னால் மிகையாகாது. மாலையில் அங்கே தெருவிளக்கு இருந்தது.

அண்மையில் ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்ற விதி வந்தது. அத்தகைய பெட்டியொன்று எம் பள்ளிக்கும் கிடைத்தது. எம் அறிவியல் ஆசிரியை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அவரவர் குடிக்கும் நீரைப் புட்டியில் கொண்டுவரச் சொன்னார். நம் கிணற்று நீரையும் ஒரு மாணவி கொண்டுவந்தாள். குழாயில் ஊற்றி, பொடியைத் தூவி, குலுக்கி வைத்தார்கள். சற்று நேரத்தில் நீர் இளஞ்சிவப்பாகி, அச்சிவப்பு மேலும் மேலும் அடர்ந்தது. பெட்டியிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டபோது நைட்ரேட்டு என்னும் உப்பு அனுமதித்த எல்லையைக் கடந்திருந்தது. பெட்டியின் முடிவை மட்டும் நம்பலாகாது என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்தும் அதே விடை வந்தது.

அன்று மாலை குடியிருப்பில் இச்செய்தியைச் சொன்னோம். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், கிணறு வெட்டியபோது மண் சுமந்தவர், எழுந்து நின்று கேட்டார்: "ஏய்யா, ஊர்க்கெணத்துல நம்மளத் தொடவிடல. நாங்களா வெட்டுன கெணத்தையும் இப்ப நீ கெட்டதுங்கிறியே. இதச் சொல்லத்தான் ஒன்னையப் படிக்க வச்சோமா?"

முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ ஆய்வாளர்களின் வினாக்களுக்கு விடையளித்திருக்கிறோம். இதற்கு அன்று விடை சொல்ல நாவெழவில்லை.

நைட்ரேட்டு எங்கிருந்து வந்தது? மனிதக் கழிவு, கால்நடைச் சாணம், உரம் ஆகியவற்றிலுள்ள தழைச்சத்து மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் மாறி நைட்ரேட்டாகிறது. நம் குடியிருப்பில் வீடுதோறும் கழிப்பறை வந்தது நல்ல செய்தி. அதற்காக நாம் போராடியிருக்கிறோம். ஆயின் அவற்றின் உறிஞ்சுகுழிகள் கிணற்றுக்கு அருகிலேயே அமைந்துவிட்டன. குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பர். நீர்மட்டம் மேலே நிற்கும் நம் மணலுக்கு அதுவும் போதாது. நோய்க்கிருமிகளை மணல் ஓரளவேனும் வடிகட்டித் தடுக்கும். நைட்ரேட்டோ நீரில் முழுதும் கரைந்தது. மணல் அதனைத் தடுப்பதில்லை. வாசனை இல்லை, நிறமில்லை, சுவையிற் கூட வேறுபாடு தெரிவதில்லை. கிணறு இனித்துக்கொண்டே இருந்தது.

இதனால் விளையும் கேட்டை 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் கோம்லி என்பார் கண்டெழுதினார். பண்ணைக் கிணற்று நீரிற் பால்மாவைக் கரைத்துப் புகட்டப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. நைட்ரேட்டு குடலில் நைட்ரைட்டாக மாறி, குருதிச் சிவப்பணுவை உயிர்வளி சுமக்க இயலாததாக ஆக்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளே இதற்கு எளிதில் இரையாவர். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த அச்சம் பெரிதும் இல்லை. நம் நாட்டுத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது. 15 லிட்டர் குடத்துக்குக் கணக்கிட்டால் முக்கால் கிராமுக்கும் குறைவு. சமையலுக்கு அள்ளும் உப்பில் ஒரு சிட்டிகை.

தாய்மார்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். "காய்ச்சிக் குடித்தால் எல்லாம் போய்விடும்" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். யாமும் வகுப்பறையிற் பல ஆண்டுகள் அவ்வாறே சொன்னோம். காய்ச்சினால் கிருமி சாகும். கரைந்த உப்பு சாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். குழந்தைக்கென்று நெடுநேரம் கொதிக்க வைக்கும் தாய், தன்னையறியாமல் அதன் செறிவைக் கூட்டிவிடுகிறாள்.

நல்லெண்ணத்தோடு வெட்டிய கிணறு பிறகு கேடானது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குளத்து நீரைக் குடித்து மக்கள் வயிற்றுப்போக்கால் மடிகிறார்கள் என்று 1970களிலும் 80களிலும் ஊர்தோறும் குழாய்க்கிணறு இறக்கினார்கள். கிருமி நோய் குறைந்தது. 1983இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் சாகா என்பாரிடம், தோலிற் கரும்புள்ளியும் உள்ளங்கைத் தடிப்பும் கொண்ட கிராமத்தார் வந்தனர். குழாய்க்கிணற்று நீரில் ஆர்சனிக்கு என்னும் நஞ்சு இருப்பது தெரிய வந்தது. மண்ணடுக்கிலேயே இயற்கையாக இருந்து கரைந்தது அது. யாதவபூர்ப் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்கரவர்த்தி பிறகு பல்லாயிரக்கணக்கான கிணறுகளின் நீரை எடுத்து ஆய்ந்து உலகுக்கு அறிவித்தார். வங்கதேசத்தில் நஞ்சுள்ள குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் பூசினார்கள். ஆர்சனிக்குக்கு விதித்துள்ள எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஓர் இலட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம் கரைத்தால் இந்த அளவு. கண்ணும் நாவும் இங்கே என்ன செய்யும்?

நம் மாநிலத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியில் முதுகெலும்பு விறைத்துக் குனிய இயலாது போன மக்களை ஆய்ந்து, காரணம் கிணற்று நீரிலுள்ள புளோரைடு என்று 1937இல் ஷார்ட் முதலியோர் வெளியிட்டார்கள். தருமபுரி, கிருட்டிணகிரிப் பிள்ளைகளின் பற்களிற் பழுப்புக் கறையாய் அது இன்றும் நிற்கிறது. ஒகேனக்கல் திட்டம் வந்தது அதன்பொருட்டே.

இனி நீரைத் திருத்தும் வழி. நம் பாட்டிமார் கலங்கிய ஊருணி நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தார்கள். சேற்றுத்துகள் ஒன்றோடொன்று கூடி அடியிற் படிந்தது. நகரத்து நீரேற்று நிலையத்தில் படிகாரம் இடுவதும் அதே தத்துவந்தான். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அதே படிகாரத்தைச் சுண்ணாம்போடு கூட்டிப் புளோரைடைக் குறைக்கும் முறையை 1970களில் வகுத்து, அதற்கு நல்கொண்டா முறை என்று பெயரிட்டது. ஆனால் தேற்றாங்கொட்டையோ படிகாரமோ நைட்ரேட்டை அசைக்காது. தெளிந்த நீரெல்லாம் தேர்ந்த நீராகிவிடாது என்று தலைப்பிட்டதன் பொருள் இதுவே.

காவிரிக் கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கத்திலிருந்து நெடுந்தொலைவு குழாயில் ஓடி நம்மிடம் வருகிறது. வழியிற் கிருமி புகாமலிருக்கக் குளோரின் இடுகிறார்கள். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சி நிற்க வேண்டும் என்பது விதி. "மருந்து வாடை அடிக்கிறது" என்று முகஞ்சுளித்து அந்நீரைக் கொட்டிவிட்டு, வாடையற்ற கிணற்று நீரைக் குடிப்போர் நம்மிடையே உளர். குளோரின் நீரிலுள்ள மக்கிய பொருளோடு சேர்ந்து வேறு சேர்மங்களை நுண்ணளவில் உண்டாக்கும் என்பதை 1974இல் ரோட்டர்டாம் நகரின் ரூக் என்பார் கண்டறிந்தார், உண்மைதான். ஆயினும் கிருமியால் நேரும் சாவோடு ஒப்பிட அவ்வச்சம் சிறிது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வாடை வந்தால் மகிழுங்கள். காவற்காரர் விழித்திருக்கிறார் என்று பொருள்.

உப்பையும் நைட்ரேட்டையும் பிரிக்கவல்லது எதிர்ச்சவ்வூடு பரவல் முறை. ஆர்.ஓ. என்று தெருவிற் சொல்வது இதனையே. கடல்நீர் ஒரு குடத்தில் அரைக் கிலோ உப்பு இருக்கிறது. அதனை அழுத்தத்தால் மெல்லிய சவ்வின் வழியே தள்ளி நன்னீரைப் பிரிக்கும் சவ்வை 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் இலோப் என்பாரோடு சேர்ந்து ஆக்கியவர் இந்தியாவிற் பிறந்த சௌரிராஜன் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். நம் மாவட்டத்துச் சாயல்குடிக்கு அருகே நரிப்பையூரில் 1990களின் இறுதியில் நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் அளவில் அத்தகைய நிலையம் அமைந்தது. இம்முறையிற் குறையும் உண்டு. நன்னீர் ஒரு பங்கு வந்தால், உப்பு மிகுந்த கழிவுநீர் மற்றொரு பங்கு வெளியேறும். அதனை நம் மணலிலேயே விட்டால் பக்கத்து வீட்டுக் கிணறு உவர்க்கும். தள்ளுவண்டிக் குடமும் கேன் தண்ணீரும் வாங்கிக் குடிக்கிறோமே, அவற்றை எவர் எப்போது பரிசோதித்தார் என்று எவரேனும் கேட்டதுண்டா?

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களைக் கைட்டோசன் என்னும் பொருளோடு பிணைத்து, ஆர்சனிக்கைப் பற்றிக்கொள்ளும் வடிகட்டியை ஆக்கியுள்ளனர். கைட்டோசன் எதிலிருந்து கிடைப்பது தெரியுமா? இறால், நண்டு ஓடுகளிலிருந்து. நம் கரையில் இறால் உரித்துக் கூலி வாங்கும் சகோதரிகள் கூடையிற் கொட்டும் அதே ஓடு! இதைச் சொன்னபோது எம் மாணவி ஒருத்தி, "ஐயா, அந்தப் படிப்புக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். வேதியியல் என்றோம். அவள் இப்போது பதினோராம் வகுப்பில் அறிவியற் பிரிவில் இருக்கிறாள்.

வேங்கைவயலைப் பற்றிப் பேசாமல் இவ்வுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து அவ்வூரில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பர் இறுதியில் வெளிப்பட்டது. வழக்கைப் பற்றி யாம் பேசப்போவதில்லை. ஆசிரியர் என்ற முறையில் எம் நெஞ்சை உறுத்துவது வேறு. அங்கே நீர் கெட்டதை முதலில் அறிவித்தது எந்தக் கருவியும் அன்று. குழந்தைகளின் வாந்தியும் காய்ச்சலுமே. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா என்பார் 1982இல் ஒரு சிறு குப்பிச் சோதனையை வெளியிட்டார். நீரை அக்குப்பியில் ஊற்றி மூடி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி இருப்பின் உள்ளே கருமை படியும். மின்சாரம் வேண்டா, பட்டம் வேண்டா, விலையும் சொற்பம். நாற்பதாண்டுகளாக இருக்கும் அக்குப்பி வாரம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டியடியிலும் இருந்திருந்தால், பரிசோதனைக் குப்பியின் வேலையைக் குழந்தைகளின் வயிறு செய்திருக்க நேர்ந்திராது.

நம் கிணற்றின் கதையை முடிக்கவில்லை. இரண்டு இரவுகள் சங்கக் கட்டடத்தில் கூடிப் பேசினோம். கிணற்றை மூடுவதில்லை, குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்வது, குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய் நீரே என்று முடிவாயிற்று. குழாயில் நீர் வராத நாளில் என் செய்வது என்ற வினா இன்னும் தீரவில்லை. அதற்காக ஓர் அலுவலகத்துக்கு மும்முறை எழுதினோம், விடைக்குக் காத்திருக்கிறோம். "குடிக்க உகந்ததன்று" என்று சுவரில் எழுத வேண்டும் என்றபோது அம்மூதாட்டி மீண்டும் மறுத்தார். "நம்ம கெணத்துல அப்படி எழுதுனா ஊர்க்காரங்க என்ன சொல்வாங்க?" என்றார். நியாயமான அச்சம். அதற்கு விடை அரசுப் பள்ளியிலேயே இருந்தது. ஊரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கிணற்று நீரையும் புட்டியிற் கொண்டுவந்திருந்தான். அவன் குழாயிலும் அதே இளஞ்சிவப்பு. இரண்டு குழாய்களும் ஒரே தாங்கியில் அருகருகே நின்றன. எது எவர் வீட்டு நீர் என்று ஆசிரியைக்கே சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மூதாட்டியை அழைத்து வந்து காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப ரெண்டு கெணத்துலயும் எழுதச் சொல்லு" என்றார்.

நம் கிணற்றில் எழுதியாயிற்று. பரிசோதித்த நாளும் கீழே உண்டு. மாணவன் வீட்டார் இன்னும் இசையவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மழைக்கு முந்திய பரிசோதனை சங்கக் கட்டடத்தில் நடைபெறும். மழைக்குப் பின் தை மாதத்தில் மறுபடியும் நடைபெறும். விரும்புவோர் ஒரு லிட்டர் புட்டியைச் சோப்பிடாமல், எடுக்கும் நீராலேயே மும்முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடி, வீட்டுப் பெயரும் எடுத்த நேரமும் எழுதி ஒட்டிக் கொண்டுவருக. கிருமிச் சோதனைக்குரிய குப்பியைச் சங்கமே தரும்; அதன் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் விரலால் தொடலாகாது. முடிவுகள் அனைத்தும் பெண்கள் குழுவின் பதிவேட்டில் எழுதப்படும். அப்பதிவேட்டை எவரும் எந்நேரமும் பார்க்கலாம்.